சிறுசு, ஒன்றரை மணி

தலையில் மாட்டிக்கொள்ளும் விளக்கு ஒன்று வாங்குவது என்று முடிவானது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழே காலுக்கு. நாட்குறிப்பு எழுதுகிறவன் என்பதால் நேரம் தெரியும். மனைவி பூங்காவில் நடந்துவிட்டு வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"டீச்சர் பர்வதமலை போறாளாம். மொத்தம் ஆறு பேர். நானும் வரேன்னு சொல்லிட்டேன்."

டீச்சர் என்று அவள் சொல்வது, சாந்தோமில் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவரை. லஸ் பக்கத்துப் பூங்காவில் காலையில் நடக்கும் பெண்களை அவர்தான் கட்டி மேய்க்கிறார். வருடத்துக்கு ஒரு மலை என்று கணக்கு. சர்ச்சில் ஞாயிறு பூசையைத் தவறவிடாத நீங்கள் சிவன் மலைக்கு ஏன் போகிறீர்கள் என்று யாரோ கேட்டதற்கு, "நான் ஏறுறது மலை. உச்சியில யாரு இருக்காங்கன்றது அவங்கவங்க பாடு" என்றாராம்.

வெயிலுக்கு முன்னால் ஏறிவிட வேண்டும் என்பதால் விடிகாலை நான்கு மணிக்கே அடிவாரத்தில் கிளம்புவார்கள். முதல் இரண்டு மணி நேரம் படியும் காட்டுப் பாதையும். கம்பியைப் பிடித்து ஏறும் பாறைகள் வரும்போது நன்றாக விடிந்திருக்கும். ஆகவே கேள்வி அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றியது. டீச்சரும் அதைத்தான் சொல்லியிருந்தார். "வாம்மா. ஆனா கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி நானே உன்னை இருட்டுல நடக்கவச்சுப் பார்ப்பேன். சரியா வரலைன்னா கூட்டிட்டுப் போகமாட்டேன்."

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு ஒன்பது வாரம் முன்பு, கண் மருத்துவர் என் மனைவியின் விழித்திரைப் படத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். ஓரங்கள் செயலிழந்துகொண்டு வருகின்றன. பார்வை வெளியிலிருந்து உள்ளே சுருங்கும். முதலில் இருட்டில் தெரியாமல் போகும். நிறுத்த மருந்து இல்லை. எத்தனை வருடம் என்று சொல்ல முடியாது. இந்த ஐந்து செய்திகளையும் அன்று ஐந்து வரிகளாக எழுதியிருக்கிறேன். ஆறாவது வரி: "திரும்பும் வழியில் அடையாறில் காபி. சர்க்கரை கூடுதல்." அதற்குக் கீழே அன்றைய பக்கத்தில் ஒன்றும் இல்லை. எனக்குள் தேடினாலும் ஒன்றும் இல்லை. பல் மருத்துவர் ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டால் வேறு யாருடைய உதடோ போல இருக்குமே, அந்த ஒன்பது வாரமும் அப்படித்தான் போயிற்று. அலுவலகம் போனேன், வந்தேன், எழுதினேன். அவள் அலமாரிக் கதவில் இடித்துக்கொண்ட நாட்களையும் எழுதினேன். பதினொன்று.

விளக்கு என்றதும் ஒரு வேலை கிடைத்துவிட்டது. நந்தனம் பக்கம் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறேன். கருவிகளை எடுத்துக் கொடுப்பது, சரிபார்ப்பது, திருப்பி அடுக்குவது. அளவில்லாத எதையும் நம்பிப் பழக்கமில்லை. இரண்டு மாலை உட்கார்ந்து இணையத்தில் படித்து, பதினோரு விளக்குகளுக்கு ஓர் அட்டவணை போட்டேன். வெளிச்சம், எடை, மழையைத் தாங்குமா, பேட்டரி கழற்றி மாற்றுவதா சார்ஜ் ஏற்றுவதா, பட்டை துவைக்க வருமா. எந்த விளக்கானாலும் விளம்பரத்தில் போட்டிருக்கும் நேரம், வெளிச்சத்தை மிகக் குறைத்து வைத்தால் மட்டுமே கிடைக்கும் நேரம் என்பதையும் கண்டுபிடித்து அடிக்குறிப்பாக எழுதினேன்.

அவள் அட்டவணையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். "காகிதத்துல எல்லாம் நன்னாத்தான் எரியறது. கடைக்குப் போய் மாட்டிப் பார்க்கலாம். மலைக்கு மட்டும் இல்லை, சாயங்காலம் மாட வீதியில நடக்கவும் ஆகும்."

"மாட வீதியில நெத்தியில லைட்டைக் கட்டிண்டா?"

"கட்டிண்டா என்ன? பல்லக்குல சுவாமி வரார்னு வழி விடுவா."

தி. நகரில், உஸ்மான் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில், மழைக்கோட்டு, கூடாரம், தோள்பை, கால்பந்து எல்லாம் விற்கும் கடை. கடைக்காரர் தெற்கத்திக்காரர், ஐம்பது வயதிருக்கும். மலை என்றதுமே முகம் மலர்ந்துவிட்டது. பர்வதமலைக்கு மூன்று முறை போயிருக்கிறாராம். இரண்டு விளக்குகளை எடுத்து வைத்தார். ஒன்று பெரியது. முன்னால் கண்ணாடிக் குமிழ், பின்மண்டையில் பேட்டரிப் பெட்டி, நடுவில் ஒயர். மற்றது சிறியது. தீப்பெட்டி அளவு, முன்னால் பால் நிறத்தில் ஒரு மூடி, மூன்று சின்ன பேட்டரி.

மனைவி சிறியதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு அது பிடித்திருந்தது. "இது ரெண்டு மணி நேரத்துல மலையேறிடாதே?" என்று கேட்டாள்.

அவள் பிறந்த வீட்டில் விளக்கு அணைந்தது என்று சொல்லமாட்டார்கள். அபசகுனம். விளக்கு மலையேறிவிட்டது என்பார்கள். இருபத்தெட்டு வருடமாகக் கேட்டு எனக்கும் அதுவே பழகிவிட்டது. மின்சாரம் போனாலும் எங்கள் வீட்டில் மின்விசிறி நிற்கும், விளக்கு மலையேறும்.

கடைக்காரர் சிரித்தார். "ரெண்டு மணி நேரம் எதுக்கும்மா? சிறுசெல்லாம் ஒன்றரை மணி நேரத்துலயே ஏறிரும்."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தேன். "அப்ப பெருசு?"

"பெருசுன்னா மூணு, மூணரை மணி இழுக்கும் சார். அதுக்கு மேல போவாது."

தன் சரக்கின் குறையை இப்படி ஒளிக்காமல் சொல்லும் கடைக்காரர் அபூர்வம் என்று நினைத்தேன். குறிப்பேட்டில் எழுதினேன்: சிறுசு, 1½ மணி. பெருசு, 3 முதல் 3½. எழுதியதைப் பார்த்ததும் முடிவு தானாகவே வந்துவிட்டது. அவள் சிறியதைக் கீழே வைத்தாள், கொஞ்சம் தயங்கி. பெரியதை வாங்கிக்கொண்டு வந்தோம்.

மறுநாள் மாலை வீட்டுப் படிக்கட்டில் சோதனை. எங்கள் குடியிருப்பில் மூன்று மாடி, மாடிக்குப் பதினெட்டுப் படி, ஆக ஐம்பத்து நான்கு. காவலாளியிடம் மாடிப்படி விளக்குகளை அரை மணி நேரம் நிறுத்தச் சொன்னேன்.

"இன்னா சார், கரண்டு பில்லு ஜாஸ்தி வந்துடுச்சா?" என்றார். அவள் விளக்கை மாட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். "அம்மாவுக்கு மெட்ரோ சுரங்கத்துல வேலை கெடச்சிடுச்சா? சொல்லவேல்ல!"

ஏறும்போது பிழையில்லை. இறங்கும்போது நான் அவளுக்கு இரண்டு படி முன்னால், பின்பக்கமாகத் திரும்பி இறங்கிக்கொண்டிருந்தேன். பெரிய விளக்கின் ஒளி ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் குவிந்து விழுந்தது. தட்டுக்குள் கண் கூசியது. வெளியே முழு இருட்டு. அவளுக்கு ஏற்கெனவே பார்வை குறுகலானது. தலையைத் திருப்பித் திருப்பித்தான் படியின் இரண்டு முனையையும் பார்க்க வேண்டும். திருப்பும்போது தட்டும் கூடவே போயிற்று. படி இருந்த இடம் இருட்டிவிட்டது. இரண்டாவது மாடித் திருப்பத்தில், படி முடிந்துவிட்டது என்று நினைத்து இல்லாத தரையில் காலை வைத்தாள். நான் பிடித்துக்கொண்டேன். என் முதுகு சுவரில் மோதியது.

"ஒண்ணும் ஆகலை. கால் சித்த பிசகித்து, அவ்வளவுதான்," என்றாள். பிறகு படியில் உட்கார்ந்து விளக்கைக் கழற்றினாள். பட்டை அழுத்திய இடம் நெற்றியில் சிவந்திருந்தது. "இன்னும் எத்தனை நாள் இருக்கு?"

"டீச்சர் வர பன்னண்டு நாள்."

அன்றைய குறிப்பு: "17-ஆம் படி. பிடித்தேன்." அவள் விழுந்திருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று யோசித்தேன். "17-ஆம் படி. விழுந்தாள்" என்றுதான் எழுதியிருப்பேன் போலிருந்தது.

ஆய்வகத்திலிருந்து ஒளிமானி ஒன்றைக் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தேன். விளக்கைச் சாமான் அறையில் சுவரைப் பார்த்து வைத்து, கதவை மூடி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே போய் அளந்தேன். முழு வெளிச்சத்தில் வைத்த பெரியது ஐம்பது நிமிடத்தில் பாதியாகக் குறைந்தது. ஒரு மணி நாற்பது நிமிடத்தில் சுவரில் வெறும் மஞ்சள் கறைதான் இருந்தது. மூன்று மணி நேரம் எங்கே? நான் செய்த தவறு எனக்குத் தெரிந்தது. கடைக்காரர் வாயால் சொன்னதை, அளந்து பார்த்தது போல எழுதிக்கொண்டுவிட்டேன். இருபத்தாறு வருடமாக மாணவர்களுக்கு எதைச் செய்யாதே என்று சொல்லி வந்தேனோ அதையே.

சனிக்கிழமை இருவரும் விளக்கோடும் ஒளிமானிக் குறிப்புகளோடும் கடைக்குப் போனோம்.

"மூணு மணி நேரம்னு சொன்னீங்க. ரெண்டு மணி நேரம்கூட வரலை," என்றேன்.

"மூணு மணி நேரமா? நான் எப்ப சார் அப்படிச் சொன்னேன்?"

குறிப்பேட்டைத் திறந்து காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். "சிறுசு ஒன்றரை மணி. பெருசு மூணு முதல் மூணரை." இரண்டு முறை படித்தார். பிறகு குறிப்பேட்டைக் கல்லாவின் மேல் வைத்துவிட்டு என் மனைவியைப் பார்த்தார்.

"அம்மா, நீங்க அன்னைக்கு என்ன கேட்டீய?"

"ரெண்டு மணி நேரத்துல மலையேறிடாதேன்னு கேட்டேன்."

"மலை ஏறுறதைத்தானே கேட்டீய?"

"லைட்டு மலையேறிடாதேன்னு!"

"லைட்டு எப்படிம்மா மலை ஏறும்? ஆளுதானே ஏறணும்? சிறுசுக, வயசுப் புள்ளைய எல்லாம் ஒன்றரை மணி நேரத்துல ஏறிரும்னு சொன்னேன். பெருசுக, நம்மள மாதிரி ஆளுக, மூச்சு வாங்கி மூச்சு வாங்கி மூணரை மணி இழுக்கும்னு சொன்னேன்." சொல்லிக்கொண்டே வரும்போதே அவருக்கும் விளங்கிவிட்டது. நெற்றியில் அடித்துக்கொண்டார். "எங்க ஊர்லயும் எங்க அம்மை குத்துவிளக்கை அப்படித்தான் சொல்லும். பேட்டரி லைட்டுக்குமா சொல்லுவாக?"

மனைவி கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உட்கார ஒரு முக்காலி கொடுத்தார்கள். உட்கார்ந்தும் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. "ஏன்னா, பெருசு நீங்கதான். மூணரைக்கு மேல போக மாட்டேள்னு அன்னிக்கே சொல்லிட்டார்." மருத்துவர் திரையில் படம் காட்டிய நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. நானும் சிரித்திருக்க வேண்டும். உதட்டை அதற்குத் தகுந்தபடி வைத்துக்கொண்டேன். பதினொன்று இருபத்தைந்து என்று கடிகாரத்தில் பார்த்தது நினைவிருக்கிறது.

பெரியதைத் திருப்பி எடுத்துக்கொண்டு சிறியதைக் கொடுத்தார். மீதியை நான் வாங்காமல் இரண்டு செட் பேட்டரியாக எடுத்துக்கொண்டேன்.

சிறியதில் அந்தப் பால் நிற மூடிதான் விஷயம். ஒளி எங்கும் குவியாமல், கோலமாவை உள்ளங்கையிலிருந்து ஊதிவிட்டது போலப் பரவியது. படியின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை ஒரே அளவு. கூசவில்லை. மாட்டியிருப்பதே தெரியவில்லை என்றாள். நடு அளவில் வைத்து ஏழு மணி நேரம் அளந்தேன். அதற்கு மேல் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது, விளக்குக்கு வரவில்லை. அட்டவணையில் நான் முதல் இடம் கொடுத்திருந்த வெளிச்ச அளவில் இது பதினொன்றில் ஒன்பதாவது. இதே போல வாங்க நினைக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். எவ்வளவு தூரம் அடிக்கிறது என்று பார்க்காதீர்கள். உங்கள் காலைச் சுற்றி எவ்வளவு அகலத்துக்கு விழுகிறது என்று பாருங்கள். வாங்கிய பிறகு ஒருமுறை இருட்டில் படி இறங்கிப் பாருங்கள்.

அவள் தினமும் மாலை ஐந்து முறை ஏறி இறங்கினாள்.

டீச்சர் சொன்னபடி ஞாயிறு மாலை ஏழு மணிக்கு வந்தார். பூசை முடிந்து நேராக வந்திருந்தார். கையில் ஜெபமாலை, கழுத்தில் பழைய விசில். காவலாளி விளக்குகளை நிறுத்தினார். "நீங்க மேல வரவேணாம் சார்," என்றார் டீச்சர். "நீங்க பக்கத்துல இருந்தா அவ உங்களைப் பார்த்து நடப்பா." நான் கீழே நின்றேன். இரண்டு பேரும் மேலே போவது காலடிச் சத்தத்தில் கேட்டது. மூன்றாவது மாடி. திரும்பினார்கள். இறங்கத் தொடங்கினார்கள்.

இரண்டாவது மாடிக்குக் கொஞ்சம் மேலே சத்தம் நின்றது.

"ஏன் நின்னுட்ட?" டீச்சரின் குரல்.

செருப்பு எதையோ உரசும் சத்தம் கேட்டது. பிறகு மனைவியின் குரல், ரொம்ப மெதுவாக. "இங்க ஏதோ இருக்கு. என்னன்னு தெரியலை டீச்சர்."

"என் குடை. நான்தான் ஏறும்போது வச்சேன். இப்ப என்ன பண்ணுவே?"

"நீங்க சொல்லுங்கோ. எந்தப் பக்கம்?"

"வலது பக்கம் வா. அவ்வளவுதான்."

கீழே வந்ததும் டீச்சர் என்னிடம் சொன்னார். "கூட்டிட்டுப் போறேன் சார். எனக்குக் கண்ணைப் பத்திக் கவலை இல்லை. போன மாசம் பார்க்ல பெஞ்சுல இடிச்சுக்கிட்டு, இல்லவே இல்லைன்னு சாதிச்சா. தெரியலைங்கறதைச் சொல்லாத ஆளை மலைக்குக் கூட்டிட்டுப் போக முடியாது. இன்னைக்குச் சொல்லிட்டா." மனைவியின் பக்கம் திரும்பி, "என் முன்னாடி மூணாவது ஆளா நடப்பே. தெரியலைன்னா நிப்பே, கேப்பே. பகல்லதான் இறங்குவோம்," என்றார். பிறகு விசிலை ஒருமுறை ஊதினார். முதல் மாடிக்காரர் கதவைத் திறந்து என்ன ஏது என்று எட்டிப் பார்த்தார்.

அவர்கள் போனது அடுத்த வெள்ளிக்கிழமை இரவு, வேனில். எனக்கு இடம் இல்லை, கேட்கவும் இல்லை. சனிக்கிழமை காலை ஏழு ஐம்பதுக்கு உச்சியிலிருந்து அழைத்தாள். காற்று இரைச்சலில் மூன்று வார்த்தைகள் கேட்டன. "வந்துட்டேன். விளக்கு நன்னா." மிச்சம் கேட்கவில்லை. நாட்குறிப்பில் நேரத்தை எழுதினேன். மேலே ஏற மூன்று மணி ஐம்பது நிமிடம்.

மாலை ஐந்தரைக்கு வீடு வந்தாள். முகம் கருத்திருந்தது. இடது காலை ஊன்றாமல் நடந்தாள். இறங்கும்போது செருப்பைக் கழற்றிக் கொஞ்ச தூரம் வெறுங்காலோடு நடந்ததில் குதிகாலில் முள் ஏறியிருந்தது. டீச்சர் எடுக்கப் பார்த்தும் வரவில்லையாம்.

கூடத்து விளக்கில் முள் தெரியவில்லை. அவள் பையிலிருந்து தலைவிளக்கை எடுத்துக் கொடுத்தாள். அத்தனை நாள் அளந்திருக்கிறேன், ஒருமுறைகூட மாட்டிக்கொண்டதில்லை. பட்டையில் அவள் வியர்வையும் விபூதியும் ஒட்டியிருந்தன. தரையில் உட்கார்ந்து அவள் காலை மடியில் வைத்துக்கொண்டேன். தோலின் ஒவ்வொரு வெடிப்பும், அதற்குள் செம்மண்ணும் தெரிந்தன. ஊசியால் கொஞ்சம் கீறி, இடுக்கியால் பிடித்தேன். மூன்றாவது முறை வந்தது. கால் அங்குலம் இருக்கும்.

"வந்துடுத்தா?"

நிமிர்ந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "லைட்டை ஒதுக்கிக்கோங்கோ. வெளிச்சம்தான் தெரியறது, நீங்க எங்கே இருக்கேள்னே தெரியலை."

விளக்கை மேலே திருப்பினேன். ஒளி கூரையில் பட்டு அறை முழுக்க இறங்கியது. அவள் என்னைப் பார்த்தாள். அவளால் இப்போது ஒரு முகத்தை மொத்தமாகப் பார்க்க முடியாது. பக்கத்தில் இருந்தால் துண்டு துண்டாகத்தான் பார்க்க வேண்டும். நெற்றி, பிறகு ஒரு கண், மறு கண், பிறகு வாய். நேரம் எடுத்துக்கொண்டாள். நான் அசையாமல் இருந்தேன்.

"அழறேளா?" என்றாள்.

கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம் இல்லை.

"இல்லை," என்றேன். அது உண்மைதான். முள்ளை ஒரு காகிதத்தில் வைத்தேன். அவள் காலை மடியிலிருந்து எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.